அலுவலகத்துக்குள் ஆர் மென்பொருளைக் கொண்டுவருவது எப்படி?

நிறுவனத்தில் 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருளைக் கொண்டுவர நினைப்பவர்கள் பெரும்பாலும் "இது இலவசம் சார்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். இலவசம் என்றதும் மேலாளர் காதில் விழுவது "பொறுப்பேற்க ஆள் இல்லை" என்பதுதான். ஆரைத் திறந்தால் முதல் திரையிலேயே எந்த உத்தரவாதமும் கிடையாது என்ற வரி வேறு நிற்கிறது. நான் மருந்துப் பரிசோதனைத் தரவுகளோடு வேலை செய்யும் புள்ளியியலாளர். எங்கள் துறையில் எல்லாப் பேச்சும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து முடியும்: எண் தப்பினால் யார் பதில் சொல்வது? அதற்கு உங்கள் கையில் விடை இருந்தால் ஆர் உள்ளே வந்துவிடும்.

புதிய திட்டம் எதையும் தேடாதீர்கள். ஏற்கெனவே சாஸில் (SAS, எங்கள் துறையில் பழகிப்போன கட்டணப் புள்ளியியல் மென்பொருள்) முடித்து, கையெழுத்தாகி, எல்லோரும் நம்புகிற ஒரு பழைய அறிக்கையை எடுங்கள். சாஸ் கோப்புகளை ஆரின் 'ஹேவன்' பேக்கேஜ் (ஆரோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்தொகுப்பு) நேரடியாகப் படிக்கும். அதே டேட்டாவில் அதே அட்டவணைகளை ஆரில் போட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலான எண்கள் அப்படியே பொருந்தும். சில பொருந்தாது. அந்தச் சிலதான் உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு.

கால்மானத்தை, அதாவது வரிசைப்படுத்திய தரவை நான்கு சம பங்காகப் பிரிக்கும் எல்லை எண்ணை, எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4 என்று நான்கே எண்கள். முதல் கால்மானம் ஆரில் 1.75, சாஸில் 1.5. இரண்டுமே சரி. கால்மானம் கணக்கிட ஆரில் ஒன்பது முறைகள் உண்டு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது ஏழாவதை எடுக்கும். இரண்டாவது முறையைக் கேட்டால் சாஸின் 1.5 வந்துவிடும். முழு எண்ணாக்குவதிலும் இப்படித்தான்: 2.5ஐ ஆர் 2 ஆக்கும், சாஸின் வழக்கமான ரவுண்ட் 3 ஆக்கும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோவது ஆரின் விதி.

எங்கள் குழுவின் மூத்த சாஸ் புரோகிராமர் ஒருவர் உயிர்பிழைப்புப் பகுப்பாய்வு (மரணம் போன்ற ஒரு நிகழ்வு நேர எவ்வளவு காலமாகிறது என்ற கணக்கு) அட்டவணையில் விரல் வைத்துக் கேட்டார்: "ஏம்மா, நோயாளி எண்ணிக்கை எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. ஹசார்ட் விகிதம் மட்டும் மூணாவது தசமத்துல ஏன் நகருது?" ஒரே நாளில் இரண்டு பேருக்கு நிகழ்வு நேர்ந்தால் அந்தச் சமநிலையை எப்படிக் கையாள்வது என்பதில்தான் வித்தியாசம் சார் என்றேன். ஹசார்ட் விகிதத்தை, அதாவது இரண்டு குழுக்களின் நிகழ்வு அபாய ஒப்பீட்டை, கணக்கிடும் காக்ஸ் மாடலில் ஆர் எஃப்ரான் முறையை எடுக்கும், சாஸ் பிரெஸ்லோவை எடுக்கும். ஆரில் பிரெஸ்லோ என்று மாற்றி ஓட்டியதும் எண் பொருந்தியது. அவர் விடவில்லை, சாஸில் எஃப்ரானைக் கொடுத்து அந்தப் பக்கமிருந்தும் பார்த்தார். அதன்பிறகு எங்கள் ஆர் கோடுகளைச் சரிபார்க்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். அனுபவசாலிகளை ஓரங்கட்டிவிட்டு ஆரைக் கொண்டுவர முடியும் என்று நான் நம்பவில்லை. எந்த அட்டவணையில் எந்த அடிக்குறிப்பு ஏன் வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக் கண்ட ஒவ்வொரு வித்தியாசத்தையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எந்த எண், எவ்வளவு விலகல், காரணம், நாம் தேர்ந்தெடுத்த முறை. தரக்கட்டுப்பாட்டுத் துறையிடம் நீங்கள் நீட்டும் முதல் தாள் அதுவாக இருக்கட்டும்.

"எஃப்.டி.ஏ. சாஸைத்தானே கேட்கிறது?" என்று அங்கே கேட்பார்கள். இல்லை. குறிப்பிட்ட மென்பொருள் எதையும் கட்டாயப்படுத்தவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வே 2015இல் தெளிவுபடுத்திவிட்டது. ஆரை ஆதரிக்கும் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஆர் கன்சார்டியத்தின் குழு 2021இல் ஆரில் செய்த முன்னோடிச் சமர்ப்பிப்பை எஃப்.டி.ஏ.வுக்கு அனுப்பியும் காட்டியது. நேற்று முளைத்த மென்பொருளா என்று கேட்டால், ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கி, 1995இல் ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தில் வெளியிட்டது என்று சொல்லுங்கள்.

வேலிடேஷனில் (மென்பொருள் சரியாக வேலை செய்கிறது என்று ஆவணத்தோடு நிறுவுவதில்) எல்லாப் பேக்கேஜையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அடிப்படை ஆருக்கு, அதன் பின்னால் நிற்கும் லாபநோக்கற்ற அமைப்பான ஆர் ஃபவுண்டேஷனே ஒழுங்குமுறை இணக்க ஆவணம் வெளியிட்டிருக்கிறது. சிக்கல், ஆர் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான கிரானில் குவிந்திருக்கும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்களில்தான். உங்களுக்குத் தேவையானவற்றை மட்டும் பட்டியலிடுங்கள். யார் பராமரிக்கிறார், சோதனைகள் எழுதப்பட்டிருக்கின்றனவா, பிழை சொன்னால் திருத்துகிறார்களா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் அந்தப் பேக்கேஜ் வேண்டாம், எவ்வளவு அழகாகப் படம் வரைந்தாலும் சரி.

பதிப்பைப் பூட்டிவைப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2019இல் வந்த 3.6.0 பதிப்பில் தற்செயல் மாதிரி எடுக்கும் முறை மாறியது. பழைய ஸ்கிரிப்டை அதே சீடோடு (தற்செயல் எண்களுக்கான தொடக்க எண்) ஓட்டினாலும் வேறு மாதிரி வரும். அடுத்த ஆண்டு 4.0.0இல் எழுத்துத் தரவைத் தானாகவே ஃபாக்டராக (வகைப்பிரிவுத் தரவாக) மாற்றும் வழக்கம் போனது. ஆகவே ஒவ்வொரு திட்டத்துக்கும் 'ஆர்என்வ்' பேக்கேஜ் மூலம் பேக்கேஜ் பதிப்புகளைப் பதிவுசெய்யுங்கள், ஆரின் பதிப்பையும் நிலையாக வையுங்கள். ஆளாளுக்கு லேப்டாப்பில் இறக்கிக்கொள்வதை விட்டு, பொதுவான ஒரு சர்வர் கேளுங்கள். ஐ.டி. துறைக்கும் அதுதான் பிடிக்கும்.

சட்டத் துறை ஜி.பி.எல். என்றதும் பதறும். நிறுவனத்துக்குள்ளேயே பயன்படுத்தும்வரை உங்கள் கோடை வெளியிட வேண்டிய கட்டாயமில்லை, ஜி.பி.எல். மென்பொருளைச் சேர்த்து வெளியாருக்கு விநியோகிக்கும்போதுதான் நிபந்தனைகள் வரும். அப்படி ஒரு திட்டம் இருந்தால் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

பணப் பேச்சை இப்போது எடுக்கலாம். முதல் ஆண்டிலேயே மிச்சம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு மென்பொருளும் சேர்ந்து ஓடும் காலத்தில் செலவு கூடத்தான் செய்யும். பிறகு குறையும் லைசன்ஸ் தொகையில் ஒரு பங்கைப் பயிற்சிக்கும் சர்வருக்கும், இன்னொரு பங்கை ஆர் ஃபவுண்டேஷனுக்கு நன்கொடையாகவும் ஒதுக்கச் சொல்லுங்கள். இதை நான் மனதாரக் கேட்கிறேன்: நாம் நம்பி எண் போடும் பேக்கேஜ்களில் பலவற்றை ஒன்றிரண்டு பேர் தங்கள் சொந்த நேரத்தில் காப்பாற்றிவருகிறார்கள். உங்கள் குழு கண்டுபிடிக்கும் பிழைகளையும் திருத்தங்களையும் அலுவலக நேரத்திலேயே அவர்களுக்கு அனுப்பலாம் என்று எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கிவையுங்கள். வாய்வார்த்தை அனுமதி மேலாளர் மாறினால் போய்விடும்.