‘தி பியானிஸ்ட்’ படம் பாக்கும்போது நாம பண்ற தப்புங்க

ரெண்டாம் உலகப் போர்ல நாஜிங்ககிட்ட இருந்து ஒளிஞ்சு பொழச்ச போலந்து யூத பியானோ கலைஞர் ஷ்பில்மனோட நிஜக் கதை இது. மொத தடவை இந்தப் படத்தை நான் ரொம்ப தப்பா பாத்தேன். போன்ல, துண்டு துண்டா, மூணு நாள்ல. யூடியூப்ல அந்த ஜெர்மன் ஆபீசர் முன்னாடி ஷ்பில்மன் பியானோ வாசிக்கிற சீனை ஏற்கனவே பாத்திருந்தேன், அதனால படம் முழுக்க அது எப்ப வரும் எப்ப வரும்னு காத்துட்டே இருந்தேன், வந்ததும் அழுதேன், பக்கத்துல இருந்த ஃப்ரெண்டு “பாத்தியா, திறமைதான்டா கடைசில மனுஷனைக் காப்பாத்தும்”னான், நானும் ஆமான்னு தலையாட்டிட்டேன். மூணாவது தடவை பாக்கும்போதுதான் அது எவ்ளோ பெரிய தப்புன்னு புரிஞ்சுது. அதைத்தான் கொஞ்சம் விரிவா சொல்லணும்னு இருக்கு.

திறமை ஷ்பில்மனைக் காப்பாத்தல. படத்தை நிதானமா பாருங்க. 1942 கோடைல போலந்து தலைநகர் வார்சால, யூதர்களைச் சுவர் எழுப்பி அடைச்சு வச்ச கெட்டோல இருந்து ரெண்டரை லட்சத்துக்கும் மேல ஜனங்களை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயில்ல ஏத்துனாங்க. அந்த ரயிலடில அப்பா கையில இருக்குற காசைக் கொடுத்து ஒரே ஒரு கேரமல் மிட்டாய் வாங்கி பேனாக்கத்தியால ஆறு பேருக்கும் வெட்டித் தருவாரு. அதுதான் அந்தக் குடும்பம் கடைசியா சேர்ந்து சாப்பிட்டது. கொஞ்ச நேரத்துல ஒரு போலீஸ்காரன் ஷ்பில்மனை மட்டும் கூட்டத்துல இருந்து வெளிய இழுத்துப் போட்டுடுறான். அங்க அவரு எதையும் வாசிச்சுக் காட்டல. தெரிஞ்ச முகம், அவ்ளோதான்.

வானொலில வாசிக்கிறவர்ங்கிற பேரு உதவலையான்னு கேட்டா, உதவுச்சு. கெட்டோல இருந்து தப்பிச்ச பிறகு அவரை ஒளிச்சு வச்ச போகுட்ஸ்கி தம்பதியும் கலைத்துறைல இருந்தவங்கதான். ஆனா அதே பேரை வச்சு ஒருத்தன் ஊரெல்லாம் “ஷ்பில்மனுக்காக”ன்னு பணம் வசூல் பண்ணிட்டு, பூட்டின வீட்டுக்குள்ள இவரைப் பட்டினி போட்டுட்டுப் போயிடுறான். புகழ் சோறும் போட்டுது, சாகவும் விட்டுது. இதை கவனிக்காம விட்டா படமே கை நழுவிப் போயிடும்.

அடுத்த தப்பு, இசைக் கலைஞர் படம்னா படம் முழுக்க இசை இருக்கும்னு எதிர்பாக்குறது. ரெண்டரை மணி நேரத்துல அவரு நிஜமா வாசிக்கிற இடம் கொஞ்சம்தான். நடுவுல பெரிய பெரிய நிசப்தம். அங்கதான் நம்ம விரல் பத்து செகண்ட் தள்ளி விடுற பட்டனுக்குப் போகும். தயவுசெஞ்சு போகாதீங்க. ஒளிஞ்சிருக்குற ஒரு ஃப்ளாட்ல பியானோ இருக்கும், ஆனா சத்தம் கேட்டா செத்தாரு. மூடியைத் திறந்து, கட்டைங்க மேல படாம, காத்துல விரலை ஓட்டுவாரு. இசை நமக்குக் கேக்கும், அந்த வீட்டுல கேக்காது. படத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், அந்த ஆபீசர் சீனை விட. அதுக்கு முன்னாடி வர்ற நிசப்தத்தை எல்லாம் ஓட்டிட்டு வந்தீங்கன்னா இந்த சீன் உங்களுக்கு ஒண்ணுமே பண்ணாது. ஹெட்போன் போட்டுப் பாருங்க, பக்கத்து ஃப்ளாட் பேச்சு, மாடிப்படி காலடி எல்லாம் அவரு காதால கேக்குற மாதிரி கேக்கும்.

“ஹீரோ ஒண்ணுமே பண்ணலையே, ஜன்னல்ல இருந்து வேடிக்கை பாத்துட்டு இருக்காரு”ன்னு சிலர் சொல்றதையும் கேட்டிருக்கேன். 1943 ஏப்ரல்ல கெட்டோ எழுச்சி, அதாவது உள்ள இருந்த யூதங்க ஆயுதம் எடுத்து நாஜிங்களை எதிர்த்தது, நடக்கும்போது அவரு சுவருக்கு இந்தப் பக்கம், மேல் மாடி ஜன்னல்ல. தப்பிக்கிறதுக்கு முன்னாடி அதே போராளிகளுக்குத் துப்பாக்கி கடத்த உதவினவரும் அவருதான், அதைப் படம் சத்தமில்லாம காட்டிட்டுப் போகுது. நாம அடுத்து என்ன சாகசம்னு தேடிட்டு இருக்கறதால விட்டுடுறோம். டைரக்டர் போலன்ஸ்கி சின்னப் பையனா கிராக்கோவ் கெட்டோல இருந்து தப்பிச்சவரு, அம்மா ஆஷ்விட்ஸ் நாஜி முகாம்ல செத்துட்டாங்க. ஜன்னல் வழியா பாக்குறது எவ்ளோ வலின்னு அவருக்குத் தெரியும், அதனாலதான் கேமராவும் ஜன்னலைத் தாண்டிப் போகல.

இசையில வர்ற தப்பு ஒண்ணு. படத்துல வர்றது போலந்து இசையமைப்பாளர் ஷோபனோட இசை. ஷோபன்னா ஏதோ ‘கிளாசிக்கல் பேக்ரவுண்டு’ன்னு விட்டுடுறோம். ஷோபன் வார்சா பக்கத்துல பொறந்து, 20 வயசுல ஊரை விட்டுப் போய், திரும்பி வரவே முடியாம பாரிஸ்ல செத்தவரு. அவரோட இதயத்தை மட்டும் கொண்டு வந்து வார்சா சர்ச் தூண்ல வச்சிருக்காங்க. நாஜிங்க 1940-ல அவரு சிலையையே வெடி வச்சுத் தகர்த்தாங்க. அந்த ஊர்ல ஷோபன் வாசிக்கிறதுன்னா வெறும் பாட்டு இல்லைங்க. படம் ஆரம்பிக்கிறதே அவரோட நாக்டர்ன்லதான் (ராத்திரி மாதிரி அமைதியான ஒரு பியானோ இசை), 1939 செப்டம்பர்ல வானொலி நிலையத்துல ஷ்பில்மன் வாசிச்சுட்டு இருக்கும்போது குண்டு விழுது, கண்ணாடி உடையுற வரைக்கும் கை நிக்கல. நிஜமாவே அந்த மாசம் 23-ஆம் தேதி அவரு ஷோபன் வாசிச்சாரு, போர் முடிஞ்சு வானொலி திரும்ப வந்தப்பவும் அதே நாக்டர்ன்தான்.

அந்த ஆபீசர் முன்னாடி படத்துல வாசிக்கிறது ஷோபனோட ஜி மைனர் பலாட்ங்கிற பெரிய பியானோ இசை, அதுவும் சுருக்கினது. நிஜத்துல அவரு அன்னைக்கும் வாசிச்சது இந்த நாக்டர்னைத்தான்னு தன்னோட நினைவுக் குறிப்புல எழுதியிருக்காரு. சினிமாவுக்குப் பெருசா ஒரு வெடிப்பு தேவைப்பட்டுது, மாத்திட்டாங்க, எனக்கு அதுல கோபம் இல்ல. ஆனா படத்துல பாத்தது அப்படியே நடந்ததுன்னு மத்தவங்ககிட்ட சொல்லாதீங்க.

இன்னொண்ணு, “இசை கேட்டு ஒரு நாஜி மனசு மாறிட்டான்”ங்கிற கதை. இது ரொம்பப் பரவியிருக்கு. அந்த ஆபீசர் வில்ம் ஹோசென்ஃபெல்ட் அந்த ராத்திரி மாறல, வருஷக்கணக்கா டைரில தன் நாட்டுக்காரங்க பண்றதைப் பத்தி வெட்கப்பட்டு எழுதிட்டு, முன்னாடியே சிலரைக் காப்பாத்தியும் இருக்காரு. அந்த சீனைத் திரும்பப் பாருங்க, ஷ்பில்மன் பசியோட தூக்கிட்டுத் திரியுற வெள்ளரிக்கா டின் பியானோ மேல இருக்கும். குளிர்ல வாயில இருந்து புகை வரும். வாசிச்சு முடிச்சதும் ஷ்பில்மனுக்கு இன்னமும் பசிதான். பின்னாடி ஆபீசர் ரொட்டி கொண்டு வருவாரு, தன்னோட கோட்டைக் கொடுப்பாரு, அந்த ஜெர்மன் கோட்டைப் பாத்துதான் விடுதலை பண்ண வந்த வீரங்க இவரைச் சுடவே பாக்குறாங்க.

கடைசியா, எழுத்து வர ஆரம்பிச்சதும் எழுந்து போறது. ஹோசென்ஃபெல்ட் 1952-ல சோவியத் சிறை முகாம்ல செத்தாருன்னும், ஷ்பில்மன் வார்சாவுலயே வாழ்ந்து 2000-ல 88 வயசுல போனாருன்னும் அங்கதான் வருது. அப்புறம் ஆர்கெஸ்ட்ராவோட ஷோபன், திரையில பியானோவும் ரெண்டு கையும். படத்துக்காக வாசிச்ச யானுஷ் ஒலெய்னிசாக்கோட கை அது. இவ்ளோ நேரம் காத்துலயே ஓடிட்டு இருந்த விரலுக்கு இப்பதான் கட்டை கெடச்சிருக்கு, அது முடியுற வரைக்கும் உக்காருங்க.