கிளஸ்டர் அப்கிரேடு: மேட்டூர் தண்ணி வர்றதுக்கு முன்னாடியே தூர் வாரிடுங்க

கும்பகோணத்துல உக்காந்து அறுப்பு மெஷின் புக்கிங் ஆப் ஒன்னு நடத்துறோம், மொத்தம் நாலு பேரு, பின்னாடி ஓடறது ஒரு மேனேஜ்டு குபர்நெட்டிஸ் கிளஸ்டர் (ஆப்ப பல சர்வர்ல பிரிச்சு ஓட்டற ஏற்பாடு, கிளவுட்காரங்க நடத்திக் குடுக்கறது). பொங்கல் முடிஞ்சா சம்பா அறுப்பு, மன்னார்குடி, ஒரத்தநாடு, திருத்துறைப்பூண்டின்னு போன் மேல போன் வரும், அந்த நேரத்துல ஆப் கால் மணி நேரம் படுத்தா மெஷின் வேற ஊருக்குப் போயிடும், இங்க நெல்லு சாஞ்சு கிடக்கும். அப்படி ஒரு தை மாசம்தான் எங்க கிளஸ்டர் தானா அப்கிரேடு ஆயிடுச்சு. எங்க வெர்ஷனுக்கு சப்போர்ட் முடியுதுன்னு மெயில் வந்திருக்கு, யாரும் பாக்கல. அன்னிக்கு ஒரு விவசாயி போன் பண்ணி "தம்பி, மெஷின் வருதா வரலையா, அத மட்டும் சொல்லு"ன்னு கேட்டது இன்னும் காதுல இருக்கு. அதனாலதான் இத எழுதுறேன்.

மேனேஜ்டுன்னு சொன்ன உடனே எல்லாத்தையும் கிளவுட்காரங்க பாத்துப்பாங்கன்னு நினைச்சிடாதீங்க. கன்ட்ரோல் பிளேன் (கிளஸ்டரோட மூளை) அவங்க பொறுப்பு, சரி. நோடு (ஆப் ஓடற சர்வர்), ஆட்-ஆன் (கிளஸ்டரோட துணை புரோகிராம்), ஹெல்ம்ங்கற டூல் வச்சு நீங்களே போட்டது, உங்க யாம்ல் ஃபைலு (செட்டிங் எழுதி வைக்கறது), இதெல்லாம் பெரும்பாலும் உங்க தலையிலதான். 2024 ஜனவரி 31ல, கன்டெய்னர (ஆப்ப தனியா அடைச்சு ஓட்டற பெட்டி) ஓட வைக்கற ரன்சிங்கற புரோகிராம்ல ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, கன்டெய்னருக்குள்ளேர்ந்து நோடுக்கே தப்பிச்சு வந்துடலாம், 1.1.12ல சரி பண்ணாங்க. கன்ட்ரோல் பிளேன மட்டும் ஏத்திட்டு உக்காந்தா அந்த ஓட்டை அப்படியே இருக்கும், ஏன்னா ரன்சி இருக்கறது நோடுல, நோடு இமேஜ மாத்தினாதான் அடையும். 2025 மார்ச்ல இன்கிரெஸ் என்ஜின்எக்ஸ்ல (வெளியிலேர்ந்து வர்ற டிராஃபிக்க உள்ள அனுப்பறது) வந்தது இன்னும் மோசம், ஆபத்து அளவுல 10க்கு 9.8 மார்க், 1.11.5லயும் 1.12.1லயும் ஃபிக்ஸ் வந்துச்சு. அத ஹெல்ம்ல நீங்க போட்டிருந்தா நீங்கதான் ஏத்தணும், கிளவுட்காரங்க தொடவே மாட்டாங்க.

மொதல்ல தேதிய முடிவு பண்ணுங்க. குபர்நெட்டிஸ்ல வருஷத்துக்கு 3 மைனர் வெர்ஷன் (1.31, 1.32 மாதிரி) வருது, ஒவ்வொன்னுக்கும் சுமார் 14 மாசம் சப்போர்ட். அமேசானோட இகேஎஸ்ல அதுக்கு மேல 12 மாசம் எக்ஸ்டெண்டட் சப்போர்ட் உண்டு, ஆனா மணிக்கு 0.10 டாலர் குடுத்த இடத்துல 0.60 டாலர், மாசக் கணக்குல 73 டாலர் 438 டாலராயிடும், சின்ன டீமுக்கு இது சும்மா காசக் கரைக்கற வேலை. மேட்டூர் வழக்கமா ஜூன் 12ல திறப்பாங்க, தண்ணி வந்தப்புறம் யாரும் வாய்க்கால தூர் வார மாட்டாங்க இல்லையா, அதே கணக்குதான் இங்கயும். நாங்க சித்திரையில ஒரு தடவ, ஆடியில ஒரு தடவ பண்றோம். புரட்டாசியில குறுவை அறுப்பு வந்துடும், ஐப்பசி கார்த்திகையில புயல் மழைன்னு நம்ம வீட்டு நெட்டயே நம்ப முடியாது. அறுப்பு மாசத்துக்கு மெயின்டனன்ஸ் எக்ஸ்குளூஷன் (அந்த நாள்ல தானா அப்கிரேடு ஆகாம தடுக்கறது) போடற வசதி இருந்தா (கூகுளோட ஜிகேஇல இருக்கு) போட்டு வைங்க, ஆனா சப்போர்ட் முடியற தேதிய அது தாண்டாது. தானா வர்ற அப்கிரேடு எவ்வளவு வேகமா வரணும்ங்கறத சேனல்ல தேர்ந்தெடுக்கலாம்: ஜிகேஇன்னா ஸ்டேபிளோ ரெகுலரோ, மைக்ரோசாஃப்ட்டோட ஏகேஎஸ்னா பேட்ச் சேனல், எங்கள மாதிரி டீமுக்கு இதுவே போதும், ரேபிட் பக்கம் போகாதீங்க.

புதுசா சேர்ந்த பையன் ஒரு நாள் கேட்டான், "அண்ணே, ரிலீஸ் நோட்ஸ்ல புது பேட்ச் போட்டிருக்காங்க, நம்ம கிளஸ்டர்ல காட்டவே மாட்டேங்குது?" "வரும்டா தம்பி, கல்லணையில திறந்த அன்னிக்கே வேதாரண்யத்துக்கு தண்ணி வந்துடுமா"ன்னேன். ரீஜன் ரீஜனா விடுவாங்க, சில நாள் ஆகும். அப்புறம் நோட்ஸ்ல "டீஃபால்ட் வெர்ஷன்"னு போட்டிருக்கறது புது கிளஸ்டருக்கு, "கிடைக்கும்"னு போட்டிருக்கறது நீங்களா கேட்டா குடுக்கறது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

இப்ப ஏபிஐ விஷயம் (யாம்ல்ல எழுதற ஒவ்வொரு வகையோட பேரும் வெர்ஷனும்), இங்கதான் நிறைய பேரு அடி வாங்குறாங்க. 1.22ல பழைய பீட்டா இன்கிரெஸ் போச்சு, 1.25ல கிரான்ஜாபோட (நேரம் வச்சு தானா ஓடற வேலை) வி1பீட்டா1 போச்சு, பாட் செக்யூரிட்டி பாலிசி மொத்தமா போச்சு, 1.26ல ஹெச்பிஏவோட (லோடுக்கு ஏத்த மாதிரி ஆப் நகல கூட்டிக் குறைக்கறது) வி2பீட்டா2. புளூட்டோன்னு ஒரு டூல் இருக்கு, யாம்ல் ஃபோல்டரையும் ஹெல்ம் ரிலீஸையும் காட்டினா எது போகப்போகுதுன்னு சொல்லிடும், இகேஎஸ்லயும் ஜிகேஇலயும் கன்சோல்லயே இன்சைட்ஸ் பக்கம் இருக்கு, ரெண்டையும் பாருங்க.

எங்களுக்கு நடந்தத சொல்றேன். மில்லுக்கு தினமும் கணக்கு அனுப்பற கிரான்ஜாப் ஒன்னு, ஹெல்ம் சார்ட்ல (ஹெல்ம் டெப்ளாய் பண்ற யாம்ல் கட்டு) புது வெர்ஷன எழுதிட்டோம், 1.25க்கு ஏத்தினோம், ஜாபும் ஓடிட்டுதான் இருந்துச்சு, எல்லாம் சரின்னு விட்டுட்டோம். ரெண்டு நாள் கழிச்சு டெப்ளாய் பண்ணா ஹெல்ம் நின்னு போச்சு, பழைய பேர்ல கிரான்ஜாப்னு ஒரு வகையே இல்லைங்குது. சார்ட்ட திருப்பித் திருப்பி பாக்கறோம், சரியாதான் இருக்கு. கடைசியில பாத்தா, போன ரிலீஸோட யாம்ல ஹெல்ம் கிளஸ்டருக்குள்ள ஒரு சீக்ரெட்டா வச்சிருக்கு, அதுக்குள்ள அந்த பழைய பீட்டா பேரு உக்காந்திருக்கு, புதுச பழசோட ஒப்பிடப் போற இடத்துலயே முட்டிக்குது. மேப்கியூப்ஏபிஐஸ்னு ஹெல்ம் பிளகின் ஒன்னு அந்த பேர மாத்திக் குடுத்துடும். அப்கிரேடுக்கு முன்னாடியே சார்ட்ட மாத்தி ஒரு தடவ டெப்ளாய் பண்ணியிருந்தா இந்த வேலையே இல்ல. ஏபிஐ போனாலும் ஓடிட்டிருக்கறது ஓடும், அடுத்த டெப்ளாய்தான் அடி வாங்கும், அதனால பிரச்சினை ரொம்ப லேட்டாதான் தெரியும்.

அடுத்தது பிடிபி, அதாவது எத்தன பாட் (ஆப்போட ஓடற நகல்) எப்பவும் ஓடிட்டே இருக்கணும்னு போடற விதி. ரெப்ளிகா 1, மினிமம் அவைலபிள் 1ன்னு போட்டிருப்பீங்க, பாதுகாப்புன்னு நினைச்சு. நோடு டிரெயின் ஆகும்போது (அதுல இருக்கற பாட்ட எல்லாம் காலி பண்றது) அந்த பாட எடுக்கவே முடியாது. ஜிகேஇ 1 மணி நேரம் பாத்துட்டு பிடிச்சு இழுத்துடும், இகேஎஸ்ல நோடு குரூப் அப்டேட்டே ஃபெயில் ஆகும். பிடிபி லிஸ்ட்ட எடுத்து அலவ்டு டிஸ்ரப்ஷன்ஸ் காலம்ல 0ன்னு இருக்கறத எல்லாம் பாருங்க, மினிமம் அவைலபிள விட ரெப்ளிகா ஒன்னாவது கூட இருக்கற மாதிரி வைங்க. அந்த தை மாசம் ஆப் படுத்ததுக்கு எங்க புக்கிங் பாட் ஒத்தையா இருந்ததுதான் காரணம், இப்ப மூணு இருக்கு.

ஏத்தற வரிசை இதுதான்: டெஸ்ட் கிளஸ்டர்ல மொத்தத்தையும் ஒரு தடவ, வெலேரோங்கற டூல்ல பேக்கப், அப்புறம் கன்ட்ரோல் பிளேன், அப்புறம் ஆட்-ஆன்களான கோர்டிஎன்எஸ், கியூப்பிராக்ஸி, நெட்வொர்க் பிளகின், கடைசியா நோடு. கன்ட்ரோல் பிளேன் ஒவ்வொரு மைனரா படி ஏறணும், 1.31லேர்ந்து 1.33க்கு ஒரே தாவா தாவ முடியாது. கியூப்லெட் (நோடுல ஓடற ஏஜென்ட்) கன்ட்ரோல் பிளேன்ல இருக்கற ஏபிஐ சர்வர விட புதுசா இருக்கக் கூடாது, பழசா 3 மைனர் வரைக்கும் இருக்கலாம், அதனால உங்க கிளவுட் ஒத்துக்கிட்டா கன்ட்ரோல் பிளேன ரெண்டு படி ஏத்திட்டு நோட ஒரே தடவையில மாத்தலாம், பாட் எல்லாம் ரெண்டு தடவ அலைய வேண்டாம். திரும்ப இறக்கிக்கலாம்னு நம்பி ஏத்தாதீங்க. சப்நெட்ல ஐபி மிச்சம் இருக்கான்னு பாத்துடுங்க, இகேஎஸ் கன்ட்ரோல் பிளேனுக்கே 5 ஐபி வரைக்கும் கேக்கும், புது நோடு வந்து நிக்கவும் இடம் வேணும்.

நாள் செவ்வாயோ புதனோ, காலையில. வெள்ளிக்கிழமை சாயந்தரம் வேண்டவே வேண்டாம். கரண்டு ஆபீஸ்ல மாசாந்திர ஷட்டவுன் என்னிக்குன்னும் பாத்துக்கங்க. கிளவுட் பட்டன்ல ஆரம்பிச்ச அப்கிரேடு உங்க நெட்டு போனாலும் ஓடும், ஆனா லேப்டாப்லேர்ந்து நீங்களே நோடு நோடா டிரெயின் பண்ணிட்டிருந்தா பாதியில நிக்கும், கார்டன் பண்ண (புது பாட் வராம பூட்டின) நோடு அப்படியே கிடக்கும், மாமாங்கம் பக்கம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போன அன்னிக்கு எனக்கு அப்படித்தான் ஆச்சு.

புது நோடு பூல் (நோடு கூட்டம்) ஒன்னு போட்டு பழசுலேர்ந்து ஒவ்வொன்னா நகத்தறதுதான் எனக்குப் பிடிச்ச முறை, ஒரு நாள் ரெட்டை காசு, ஆனா மனசுக்கு நிம்மதி. முடிஞ்சதும் நோடு லிஸ்ட்ல வெர்ஷன் காலம் எல்லாத்துலயும் ஒன்னா இருக்கா, பெண்டிங்ல பாட் நிக்குதா, ஹெச்பிஏல டார்கெட் அன்னோன்னு காட்டுதா பாருங்க, கிளஸ்டர் ஆட்டோஸ்கேலர (நோடு எண்ணிக்கைய கூட்டிக் குறைக்கறது) நீங்களே போட்டிருந்தா அதோட மைனரும் கிளஸ்டரோடதும் ஒன்னா இருக்கணும். அப்புறம் உங்க கையால நிஜமா ஒரு புக்கிங் போட்டுப் பாருங்க. அன்னிக்கு ராத்திரி கிரான்ஜாப் எல்லாம் ஒரு சுத்து ஓடி முடிஞ்சு, மறுநாள் காலையில மில்லுக்காரருக்கு கணக்கு போய்ச் சேர்ந்துச்சான்னு கேட்டுட்டு, அப்புறம் பழைய பூல அழிங்க.