சோர்ஸ் கோடோடு லைப்ரரி வாங்கும் முன்

வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் நம்மைப் போன்றவர்கள், ஒரு லைப்ரரியை (வேறொருவர் எழுதி விற்கும் தயார் கோடுத் தொகுப்பை) அதன் சோர்ஸ் கோடோடு, அதாவது நாம் படித்துத் திருத்தக்கூடிய மூல வடிவத்தோடு, வாங்கியதும் அது நம் சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. வாங்குவது பயன்படுத்தும் உரிமை மட்டுமே: பெரும்பாலும் திருத்தலாம், கம்பைல் செய்து (கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றி) நம் மென்பொருளோடு விற்கலாம், சோர்ஸை மட்டும் வெளியே கொடுக்கக் கூடாது. விலை ஒரு டெவலப்பருக்கா, மொத்த ஆபீஸுக்கா? கேளுங்கள். நாம் விற்கும் கடைக்குக் கடை ராயல்டி (தனித் தொகை) கேட்டால், சின்ன ஆபீஸுக்குக் கட்டுப்படியாகாது, விட்டுவிடுங்கள். அப்புறம், இந்தியச் சட்டப்படி போடும் ஒப்பந்தம் என்றால் உரிமை எத்தனை காலத்துக்கு, எந்தெந்த நாட்டில் செல்லும் என்பதைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள்: 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19, 30ஏ பிரிவுகளின்படி, காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்வார்கள். நாளை சிங்கப்பூரில் ஒரு கடை கேட்டால் அங்கேயே சிக்கல்.