புற்றுநோய் செல்லின் கொழுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய் செல்கள் கொழுப்பை நம்பி வளர்கின்றன என்று சொன்னால், “அப்போ நெய், எண்ணெயை நிறுத்திவிடலாமா?” என்ற கேள்விதான் முதலில் வரும். தவறு அங்கேதான் தொடங்குகிறது. பல கட்டிகள் தமக்கு வேண்டிய கொழுப்பைத் தாமே செய்துகொள்கின்றன. சிட்னி வைன்ஹவுஸ் என்ற உயிர்வேதியியலாளரின் குழு 1953இலேயே இதைக் காட்டிவிட்டது. மூலப்பொருள் பெரும்பாலும் குளுக்கோஸ். அது சிட்ரேட், பிறகு அசிட்டைல் கோ-ஏ என்ற இடைநிலைப் பொருட்களாக மாறி, கடைசியில் ஃபேட்டி ஆசிட் சிந்தேஸ் என்ற நொதியின் கையில் 16 கார்பன் கொண்ட பால்மிடேட் என்ற கொழுப்பு அமிலமாக முடிகிறது. செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால், கொழுப்பால் ஆன அதன் சவ்வும் இரட்டிப்பாக வேண்டுமே!

அதனால் நோயாளி பட்டினி கிடந்தால் கட்டியும் பட்டினி கிடக்கும் என்று எண்ண வேண்டாம். முதலில் மெலிவது நோயாளிதான். எடை குறைந்தால் சிகிச்சையைத் தாங்குவதும் கடினம். உணவுக் கொழுப்புக்குத் தொடர்பே இல்லை என்று அடித்துச் சொல்வதும் சரியல்ல. 2017இல் பார்சிலோனா ஆய்வாளர்கள், மனித வாய்ப் புற்றுநோய் செல்களைச் சுமந்த எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தபோது நோய் பரவுவது அதிகரித்தது. எலியில் கண்டதை வைத்து மனிதருக்குச் சாப்பாட்டுப் பட்டியல் போடுவது அவசரம்.

கொழுப்பை எரிபொருளாகவும் செங்கல்லாகவும் மட்டும் பார்ப்பதுதான் என் கணக்கில் பெரிய தவறு. சவ்வில் மிகச் சிறிய அளவே இருக்கும் பிஐபி3 என்ற லிப்பிட் (கொழுப்பு வகை மூலக்கூறு), ‘வளரு’ என்ற சைகையைக் கடத்துகிறது. பிஐ3-கைனேஸ் நொதி அதை உருவாக்குகிறது; பிடென் புரதம் அதிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றிச் சைகையை அணைக்கிறது. பிடென் மரபணு கண்டறியப்பட்டது 1997இல். அதன் முக்கிய இலக்கு புரதமல்ல, ஒரு லிப்பிட் என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. பல புற்றுநோய்களில் பிடென் பழுதாகிவிடுவதால் சைகை அணையாமல் ஓடுகிறது. அது ஏகேடி, எம்டார் என்ற சைகைப் புரதங்கள் வழியாக, மரபணுக்களை இயக்கும் எஸ்ஆர்இபிபி என்ற புரதத்தைத் தூண்ட, கொழுப்பு செய்யும் மரபணுக்கள் இன்னும் வேகமாக இயங்குகின்றன. வளர்ச்சியும் கொழுப்பும் ஒன்றையொன்று தள்ளிவிடும் சுழல் இது.

அப்புறம், ஆய்வகத் தட்டில் கிடைத்த முடிவை மருந்துக்கடைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். எடை குறைப்பு மாத்திரையான ஆர்லிஸ்டாட், தட்டில் வளரும் புரோஸ்டேட் புற்று செல்களில், முன்பு சொன்ன ஃபேட்டி ஆசிட் சிந்தேஸைத் தடுக்கிறது. ஆனால் விழுங்கினால் பெரும்பாலும் குடலோடு நின்றுவிடுகிறது. ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு.

ஆய்வு மாணவர்களுக்கு ஒன்று. செல்களை வளர்க்கும் ஊடகத்தில் வழக்கமாகச் சேர்க்கும் 10% கன்றுக்குட்டி சீரத்திலேயே (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) லிப்பிட் உண்டு. சிந்தேஸைத் தடுத்தும் செல்கள் சாகவில்லை என்றால், மருந்து வீண் என்று எழுதிவிடாமல் லிப்பிட் நீக்கிய சீரத்திலும் சோதியுங்கள். செத்துவிட்டால், ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு சேர்த்த பால்மிடேட்டைக் கொஞ்சம் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். அளவு கூடினால் அதுவே செல்லைக் கொல்லும். செல்கள் பிழைத்தால் மருந்து கொழுப்பு உற்பத்தியைத்தான் பிடித்திருக்கிறது. பிழைக்காவிட்டால் அது வேறெங்கோ கைவைக்கிறதா என்று தேட வேண்டும்.