கார்ட்டோசாட் உயர மாதிரியின் துல்லியத்தைச் சோதிப்பது எப்படி?

2005இல் ஏவப்பட்ட இந்தியச் செயற்கைக்கோளான கார்ட்டோசாட்-1, முன்நோக்கி 26 பாகையும் பின்நோக்கி 5 பாகையும் சாய்ந்த இரு கேமராக்களால் ஒரே நிலத்தைச் சுமார் 52 நொடி இடைவெளியில் படமெடுத்தது. அவ்விரு படங்களையும் ஒன்றோடொன்று பொருத்தித்தான் ஒவ்வோர் இடத்தின் உயரத்தையும் காட்டும் உயர மாதிரி உருவாக்கப்படுகிறது. அதன் அடித்தள-உயர விகிதம் (இரு படங்களும் எடுக்கப்பட்ட இடங்களுக்கு இடையிலான தொலைவைச் செயற்கைக்கோளின் உயரத்தால் வகுத்தது) ஏறக்குறைய 0.62 என்பதால், 2.5 மீட்டர் பிக்சல் ஒன்று பிசகிப் பொருந்தினாலே உயரம் சுமார் 4 மீட்டர் தவறிவிடும்.

முதலில் உயரம் எதிலிருந்து அளக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பூமியைச் சீரான நீள்கோளமாகக் கொண்டு அளக்கும் நீள்கோள உயரத்துக்கும் கடல்மட்ட உயரத்துக்கும் தமிழகக் கடற்கரையில் 80 மீட்டருக்கும் மேல் வேறுபாடு உண்டு. ஊரே கடலுக்குள் இருப்பதாக எதிர்மறை எண்கள் தெரிந்தால் மாதிரியைக் குறை சொல்லாதீர்கள், அடிமட்டத்தை மாற்றுங்கள்.

அடுத்து, மாதிரியை உருவாக்கப் பயன்படாத புள்ளிகளை டிஜிபிஎஸ் (பிழை திருத்தப்பட்ட துல்லிய ஜிபிஎஸ்) கொண்டு அளக்க வேண்டும். மரநிழல் விழாத, படத்தில் தெளிவாகத் தெரியும் இரு மண்பாதைகள் கூடும் சமதளம் நல்ல இடம். தென்னந்தோப்பின் ஓரம் கூடாது, ஏனெனில் செயற்கைக்கோள் தரையை அல்ல, மட்டையின் மேற்பரப்பையே காண்கிறது. ஏரி நீர்ப்பரப்பில் பொருத்தம் கிடைக்காது என்பதால் அதையும் விலக்குங்கள்.

மாதிரி தன் சரியான இடத்திலிருந்து பக்கவாட்டில் விலகியிருக்கும் கிடைமட்ட நகர்வைச் சரிசெய்யாமல் பிழையைக் கணக்கிடுவதே பலரும் செய்யும் தவறு என்பேன்: 20 பாகைச் சரிவில் 10 மீட்டர் நகர்வு, 3.6 மீட்டர் உயரப் பிழையாக வேடமிடும். நகர்வை நீக்கிய பின் சராசரிப் பிழையையும் இருமடி மூலச் சராசரிப் பிழையையும் (பிழைகளின் இருமடிகளுடைய சராசரியின் வர்க்கமூலம்) சமவெளி, சரிவு, காடு எனப் பிரித்தே எழுதுங்கள். சராசரி சுழியாகவும் பரவல் இயல்பாகவும் இருந்தால் மட்டுமே பின்னதை 1.645ஆல் பெருக்கி 90 விழுக்காட்டு அளவை, அதாவது நூற்றில் 90 பிழைகள் அடங்கும் எல்லையை, பெறலாம்.