ஐரோப்பிய ஒன்றியச் செய்தியைப் படிப்பது எப்படி? எந்த முடிவு கரையேறும், எது முடங்கும்?

‘ஐரோப்பா முடிவு செய்தது’ என்ற தலைப்பைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, ஐரோப்பாவில் யார் என்பதுதான். பாதிக் குழப்பம் பெயர்களில் இருக்கிறது. சட்டத்தை முன்மொழிவது ஐரோப்பிய ஆணையம். அதைத் திருத்தி நிறைவேற்றுவது 720 இடங்கள் கொண்ட நாடாளுமன்றமும், 27 அரசுகளின் அமைச்சர்கள் கூடும் கவுன்சிலும். நாட்டுத் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய கவுன்சில் வேறு: அது திசை காட்டும், சட்டம் இயற்றாது. 46 நாடுகள் சேர்ந்த ‘கவுன்சில் ஆஃப் யூரோப்’ ஒன்றியத்தின் உறுப்பே அல்ல. ஸ்திராஸ்பூர்கில் உள்ள மனித உரிமை நீதிமன்றம் அதைச் சேர்ந்தது. ஒன்றியத்தின் நீதிமன்றம் லக்சம்பர்கில் இருக்கிறது. ‘ஆணையம் முன்மொழிந்தது’ என்பதைச் சட்டமே வந்துவிட்டதாக எழுதும் செய்திகள் ஏராளம். அந்த இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடலாம். முன்மொழிவு அப்படியே கிடப்பிலும் போகலாம்.

அடுத்தது, ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவு என்பது. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். யூர்-லெக்ஸ் என்ற ஒன்றியத்தின் சட்டத் தளத்தில் எல்லா ஆவணங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. முன்மொழிவைத் திறந்து, அதிலுள்ள சட்ட வரைவின் தொடக்க வரிகளைப் பாருங்கள்; எந்தப் பிரிவின் அதிகாரத்தில் இது கொண்டுவரப்படுகிறது என்று எழுதியிருக்கும். பிரிவு 114 என்றால் ஒற்றைச் சந்தை விவகாரம், தகுதிப் பெரும்பான்மை போதும். பிரிவு 113 என்றால் மறைமுக வரி, 27 நாடுகளில் ஒன்றுகூட எதிர்க்கக் கூடாது. வெளியுறவு, புதிய நாடுகளைச் சேர்த்தல், நீண்டகால பட்ஜெட் ஆகியவற்றுக்கும் ஒருமனதான சம்மதம் வேண்டும். எத்தனை தலைவர்கள் ஆதரித்துப் பேசினார்கள் என்பதைவிட இந்த ஒற்றை எண் அதிகம் சொல்லும்.

தகுதிப் பெரும்பான்மைக்கு இரண்டு கணக்குகள் சேர்ந்து வர வேண்டும்: 55 சதவீத நாடுகள், அதாவது 15, அவற்றில் ஒன்றியத்தின் மக்கள்தொகையில் 65 சதவீதம். தடுக்க வேண்டுமானால் 35 சதவீதத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை வேண்டும், கூடவே குறைந்தது நான்கு நாடுகளும் வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி மூன்றையும் கூட்டினால் மக்கள்தொகையில் ஏறக்குறைய 47 சதவீதம் வந்துவிடும். ஆனாலும் மற்ற 24 நாடுகளும் ஆதரித்தால் இந்த மூவரால் தடுக்க முடியாது; நான்காவதாக ஒரு கை வேண்டும், அது மால்டாவாக இருந்தாலும் சரி. கையால் கூட்டிப் பார்க்க வேண்டாம், கவுன்சிலின் இணையதளத்திலேயே வாக்குக் கணிப்பான் இருக்கிறது.

பலரும் தவறுவது வாக்களிக்காமல் விலகுவோரை எண்ணும் இடத்தில். தகுதிப் பெரும்பான்மையில் விலகி நின்றால் எதிர்த்ததற்குச் சமம், ஏனென்றால் 15-ம் 65-ம் ஆதரவாக வர வேண்டும். ஒருமனதான முடிவில் அப்படியே தலைகீழ்: விலகினால் தடையில்லை. 2023 டிசம்பர் 14 அன்று உக்ரைனுடன் சேர்க்கைப் பேச்சைத் தொடங்கலாமா என்ற முடிவு வந்தபோது, எதிர்த்துவந்த ஹங்கேரியப் பிரதமர் விக்டர் ஓர்பான் அறையைவிட்டு வெளியே போனார். மற்ற 26 பேர் முடிவெடுத்தார்கள். அதே கூட்டத்தில் உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவியை அவர் தடுத்தார். அது 2024 பிப்ரவரி 1 அன்றுதான் ஒப்புதல் பெற்றது. மூன்றாவதாக ஒரு கணக்கும் உண்டு. சீன மின்சாரக் கார்கள் மீதான கூடுதல் வரிக்கு 2024 அக்டோபர் 4 அன்று 10 நாடுகள் ஆதரவு, 5 எதிர்ப்பு, 12 விலகல். ஜெர்மனி எதிர்த்தும் வரி வந்தது. அங்கே ஆணையத்தைத் தடுக்கத்தான் 15 நாடுகளும் 65 சதவீதமும் தேவைப்பட்டன.

பிறகு பணம். ஒன்றியத்தின் பட்ஜெட் உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் சுமார் ஒரு சதவீதம்தான். யூரோவை இன்று 21 நாடுகள் பயன்படுத்துகின்றன (கடைசியாக 2026 ஜனவரி 1 அன்று பல்கேரியா), ஆனால் வரியும் செலவும் ஒவ்வொரு அரசின் கையில். நாணயம் ஒன்று, கஜானா பல: 2010-இல் கிரேக்கக் கடன் நெருக்கடி வெடித்தபோது யூரோ ஆட்டம் கண்டது இதனால்தான். நாட்டின் மொத்த உற்பத்தியில் பற்றாக்குறை 3 சதவீதம், கடன் 60 சதவீதம் என்ற வரம்புகளை ஏட்டில் எழுதிவைத்தால் மட்டும் அந்த ஓட்டை அடைபடாது. எனவே ஒரு திட்டத்தில் ‘பொதுக் கடன்’ என்ற சொல் வந்தால் நின்று படியுங்கள். 2020 ஜூலையில் ஒப்புக்கொண்ட 75,000 கோடி யூரோ கொரோனா மீட்பு நிதிக்காக ஒன்றியம் தன் பெயரிலேயே கடன் வாங்கியது. அதற்கு 27 நாடுகளும் தனித்தனியே ஒப்புதல் தர வேண்டியிருந்தது. திருப்பிச் செலுத்துவது 2058 வரை நீளும். வங்கியில் மக்கள் போட்ட பணத்துக்கு எல்லா நாடுகளும் சேர்ந்து பொறுப்பேற்கும் பொது வைப்புக் காப்பீட்டை ஆணையம் 2015-இல் முன்மொழிந்தது, இன்னும் நிறைவேறவில்லை. ஒரு நாட்டு வங்கி விழுந்தால் இன்னொரு நாட்டார் பணம் கட்டுவதா என்ற கேள்வி அதை மறிக்கிறது. ஒருங்கிணைப்பின் மிகக் கடினமான முடிச்சு இதுதான் என்பது எங்கள் கணிப்பு. புதுப் பொதுக் கடனுக்கு யார் சம்மதிக்கிறார்கள் என்பதைப் பார்த்தே எதிர்காலத்தைக் கணிக்கலாம்.

வாக்கில் வென்றது களத்தில் தோற்கவும் கூடும். ஒழுங்குவிதி என்றால் அது நேரடியாக எல்லா நாட்டிலும் சட்டம். பணிப்புரை என்றால் ஒவ்வொரு நாடும் தன் சட்டமாக எழுதிக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் இரண்டு ஆண்டு அவகாசம். 2015 செப்டம்பரில் 1,20,000 அகதிகளைப் பங்கிடும் முடிவு பெரும்பான்மையால் நிறைவேறியது. ஹங்கேரி, செக், ஸ்லோவாக்கியா, ருமேனியா எதிர்த்தன. போலந்தும் ஹங்கேரியும் அந்தத் திட்டத்தில் ஒருவரையும் ஏற்கவில்லை. நீதிமன்றம் அது தவறு என்று 2020-இல் தீர்ப்பளித்தபோது பங்கீட்டுக் காலமே முடிந்திருந்தது. தோற்கடிக்கப்பட்ட அரசுகளின் பட்டியலைக் குறித்துவைத்தால், நடைமுறை எங்கே சிக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

முழு ஒன்றியமும் நகராதபோது சிலர் மட்டும் முன்னே போகும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்பது நாடுகள் சேர்ந்தால் ‘மேம்பட்ட ஒத்துழைப்பு’ தொடங்கலாம். 2021-இல் பணியைத் தொடங்கிய ஐரோப்பிய அரசு வழக்கறிஞர் அலுவலகம் அப்படி வந்ததே. உள்எல்லைச் சோதனை இல்லாமல் பயணிக்கும் ஷெங்கன் பகுதி வேறொரு வடிவம்: அயர்லாந்தும் சைப்ரஸும் வெளியே, நார்வேயும் சுவிட்சர்லாந்தும் உள்ளே.

புதிய நாடு சேர்வது பற்றிய செய்தி என்றால் ‘வேட்பாளர் தகுதி’ என்ற சொல்லை வைத்து ஆண்டைக் கணிக்கக் கூடாது. பேச்சுக்கான ஒவ்வொரு அத்தியாயத்தையும் திறக்கவும் மூடவும் எல்லா நாடுகளும் இசைய வேண்டும். கடைசியில் அத்தனை நாடுகளும் சேர்க்கை ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். குரோஷியா 2005-இல் பேச்சைத் தொடங்கி 2013 ஜூலை 1 அன்று சேர்ந்தது. வடக்கு மாசிடோனியா 2005-இலேயே வேட்பாளரானது. கிரேக்கத்தின் எதிர்ப்பால் 2019-இல் நாட்டின் பெயரையே மாற்றிக்கொண்டது, 2020-இல் பல்கேரியா மறித்தது. செய்தியில் வரும் நாட்டுக்கு எந்த அண்டை நாட்டோடு தகராறு, அந்த அண்டை ஏற்கெனவே உறுப்பு நாடா என்பதை முதலில் தேடுங்கள்.