பாக்கெட் தீனியிலிருந்து வீட்டுச் சமையலுக்கு: மிளகுவின் தட்டில் நான் கற்றுக்கொண்டவை

மிளகு எங்கள் வீட்டு நாட்டு நாய். கறுப்பு நிறம், 4 வயது, கருத்தடை செய்யப்பட்ட பெண், எடை 18 கிலோ. சென்ற ஆண்டுவரை பாக்கெட் தீனிதான். இப்போது முழுக்க வீட்டுச் சமையல். இந்த மாற்றத்தில் நான் இரண்டு இடங்களில் சறுக்கினேன். முதல் சறுக்கல் மூன்றே நாளில் வீட்டுக்கே தெரிந்துவிட்டது. இரண்டாவது நான்கு மாதம் எனக்கே தெரியாமல் நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

தொடங்கும் முன் ஒன்று. ஒரு வயதுக்குக் குறைந்த குட்டி, சினை நாய், சிறுநீரகக் கோளாறு உள்ள நாய் ஆகியவற்றுக்கு இந்த அளவுகள் பொருந்தாது. கால்நடை மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்.

முதல் படி: எவ்வளவு என்று கணக்கிடுங்கள்

"ஒரு தட்டு சோறு" என்பது அளவே அல்ல. சாதாரணக் கால்குலேட்டர் போதும். நாயின் எடையை அதே எண்ணால் இரண்டு முறை பெருக்குங்கள் (18×18×18 = 5832). வர்க்கமூலம் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். 8.7 வரும். அதை 70ஆல் பெருக்கினால் சுமார் 610 கலோரி. சும்மா படுத்திருக்கவே உடம்புக்கு வேண்டியது இது. கருத்தடை செய்த, ஓரளவு ஓடியாடும் நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்கினால் சுமார் 980. பாக்கெட்டின் பின்னால் அச்சிட்டிருந்த கலோரியோடு ஒப்பிட்டேன். மிளகு தின்றுவந்த 270 கிராம் தீனியும் ஏறக்குறைய அதே கணக்குத்தான்.

எடை பார்க்க, நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். உங்கள் எடையை யாரும் பார்க்காத நேரமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இரண்டாம் படி: சமையல்

மிளகுவின் ஒரு நாள் அளவு, காலையும் மாலையும் பிரித்துக் கொடுப்பதற்கு:

தோலுரித்த, எலும்பில்லாத கோழிக்கறி 275 கிராம், கோழி ஈரல் 25 கிராம், அரிசி 100 கிராம், பரங்கிக்காயும் கேரட்டும் சேர்த்து 100 கிராம், ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் எண்ணெய், ஒரு சிட்டிகை அயோடின் உப்பு.

முட்டையும் எண்ணெயும் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரே குக்கரில் குழைய வேகவிட்டு, ஆவி அடங்கியதும் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். சூடு ஆறிய பின் எண்ணெய். வாரத்தில் இரண்டு நாள் கறியில் கொஞ்சத்தைக் குறைத்து மத்தி மீன் சேர்க்கிறேன். குக்கரில் நன்றாக வெந்தால் மத்தியின் முள் மாவாகிவிடும். ஈரல் நல்லதென்று அளவைக் கூட்ட வேண்டாம். வைட்டமின் ஏ அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும்.

வேகவைத்த கோழி எலும்பு கூடவே கூடாது. ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும். வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு எதுவும் ஆகாது. அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே நம் சாம்பார், குழம்பு, ரசம் எதுவும் அதன் தட்டுக்குப் போகக்கூடாது. என் மாமியாருக்கு இதைப் புரியவைக்க ஒரு மாதம் ஆனது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவையும் விஷம். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையை யாரும் நினைப்பதில்லை.

பச்சைக் கறிதான் இயற்கை உணவு என்கிறவர்கள் உண்டு. நம் ஊர் வெயிலில், கடையில் திறந்து கிடந்த கோழியைப் பச்சையாகப் போட எனக்குத் துணிவில்லை. அதில் வரும் கிருமி நாயோடு நிற்காது. தட்டைக் கழுவுகிற நம் கைக்கும் வரும்.

மூன்றாம் படி: மெல்ல மாற்றுங்கள்

முதல் சறுக்கல் இங்கேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தீனியை நிறுத்திவிட்டு முழுத்தட்டு கோழிச்சோறு வைத்தேன். மிளகு தட்டை நக்கி நகர்த்திக்கொண்டே சுவர்வரை போனாள். இரவு இரண்டு மணிக்கு மாடிப்படி முழுவதும் கழிச்சல். மூன்று நாள்!

ஒரே தீனிக்குப் பழகிய குடல் திடீர் மாற்றத்தைத் தாங்காது. முதல் மூன்று நாள் தீனியில் கால் பங்கைக் குறைத்து, சமைத்ததில் கால் பங்கு. அடுத்த மூன்று நாள் பாதிப்பாதி. பிறகு மூன்று நாள் முக்கால் பங்கு. பத்தாம் நாள் முழுதும். மலம் இளகினால் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் அங்கேயே இரண்டு நாள் நில்லுங்கள்.

நான்காம் படி: சுண்ணாம்புச் சத்து

வாரம் இரண்டு முறை ஆட்டுக்கால் சூப் வைத்து, வடிகட்டி, சோற்றில் ஊற்றிக்கொண்டிருந்தேன். எலும்பு கொதித்த தண்ணீர் அல்லவா, சுண்ணாம்புச் சத்துக்கு என்ன குறை என்று நினைத்தேன். நான்கு மாதம் கழித்துத் தடுப்பூசிக்குப் போனபோது, டாக்டர் சாப்பாட்டுப் பட்டியலை எழுதித் தரச் சொன்னார். படித்துவிட்டு, "கால்சியம் எங்கே?" என்றார். சூப்பைக் காட்டினேன். சிரித்துவிட்டார். எலும்பை எத்தனை மணி நேரம் கொதிக்கவைத்தாலும் கால்சியம் மிகச் சொற்பமாகத்தான் தண்ணீரில் இறங்குமாம்.

100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 200 மில்லிகிராம். கால்சியம் 10, 15 மில்லிகிராம்தான். நாய்க்கோ பாஸ்பரஸைவிடக் கால்சியம் சற்றுக் கூடுதலாக வேண்டும். மிளகுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல். அது கிடைக்காவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். வாலும் ஆடும். எலும்பு மட்டும் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும்.

தீர்வு குப்பைக்கூடையில் இருந்தது: முட்டை ஓடு. ஓடுகளைக் கழுவி, ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டு, மிக்சியில் அரையுங்கள். முதல் முறை நான் சலிக்கவில்லை. மிளகு சோற்றைத் தின்றுவிட்டு மணலைத் தட்டிலேயே விட்டாள். விரலுக்கிடையில் தேய்த்தால் முகப்பவுடர்போல் இருக்க வேண்டும். மாவுச் சல்லடை போதாது. பழைய மல் துணியில் சலித்தேன். ஒரு நாளைக்கு 3 கிராம். சட்னி ஜாரில் அரைத்தால் ஜாரின் உட்புறம் கீறி மங்கிவிடும். பழைய ஜார் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

ஓட்டுப்பொடி கால்சியத்தை மட்டும்தான் தீர்க்கும். 2013இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியினர் நாய்க்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். 95 சதவீதத்தில் குறைந்தது ஒரு சத்தாவது பற்றாக்குறை. துத்தநாகம், வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவை நம் குக்கரிலும் குறையும். என் குறிப்பும் அந்த 95இல் சேர்ந்ததுதான். அதனால் டாக்டர் எழுதித் தந்த சத்துப்பொடியையும் சேர்க்கிறேன்.

கருவிகள்

டிஜிட்டல் சமையல் தராசு ஒன்று கட்டாயம். அளவுக் கிண்ணங்களை நான் நம்புவதில்லை. கறியைக் கிண்ணத்தில் எப்படி அளப்பது? மூன்று நாளைக்குச் சமைத்து, எவர்சில்வர் டப்பாக்களில் போட்டு உறைய வைத்துவிடுவேன். நாய்க்கென்று விற்கும் அலங்காரத் தட்டு தேவையில்லை. கனமான தட்டாக இருந்தால் போதும், சுவர்வரை நகராது.

பின்னர் சேர்த்தவை

முதலில் இங்கே "அரை ஸ்பூன் ஓட்டுப்பொடி" என்று எழுதியிருந்தேன். ஒரு வாசகர் சாப்பாட்டு ஸ்பூனால் குவித்துப் போட்டிருக்கிறார். நாய்க்கு மலம் சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்து இறுகிவிட்டது. தவறு என்னுடையது. அதனால்தான் கிராமுக்கு மாற்றினேன். வீட்டுத் தராசு 3 கிராமைத் துல்லியமாகக் காட்டாது என்றால், 21 கிராம் நிறுத்து ஏழு பொட்டலமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

"கறியை மட்டும் பொறுக்கித் தின்கிறது" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். மத்தால் கடைந்துவிடுங்கள்.

"தண்ணீரே குடிப்பதில்லை, பயமாக இருக்கிறது" என்று ஒருவர் கேட்டார். பாக்கெட் தீனியில் ஈரம் பத்து சதவீத அளவில்தான் இருக்கும். குழையச் சமைத்ததில் எழுபது சதவீதம். தண்ணீர் தட்டிலேயே வந்துவிடுகிறது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மிளகு இப்போது 17.6 கிலோ. மாதம் அரை கிலோவுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ, முதலில் அரிசியில்தான் 10 கிராம் கூட்டுவேன் அல்லது குறைப்பேன்.